மாமனாரின் ரிவால்வாரும் வீட்டுக்காரரின் பிஸ்டலும்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அரிவாள், களைக்கொத்து, மருந்தடிக்கிற டேங்க், மோட்டார் ரூம் சாவி இவற்றோடு இரண்டு துப்பாக்கிகளும் வாழையிலை மேல் படுத்திருக்கும். சந்தனமும் குங்குமமும் நான்தான் வைப்பேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவற்றின் மேல் வெட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்து என்ன சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்து எது எது என்று சொல்லிவிடுவேன்.

ஒன்று ரிவால்வார். நடுவில் தொப்பை போட்டிருக்கும். தொப்பையைத் திறந்தால் பணியாரச் சட்டி மாதிரி ஆறு குழி. குழிக்கு ஒரு குண்டு. சுடச் சுட அந்தச் சட்டி சுற்றிக்கொண்டே வரும். இன்னொன்று பிஸ்டல். தொப்பையே கிடையாது, பட்டையாக ஒல்லியாக இருக்கும். குண்டெல்லாம் கைப்பிடிக்குள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக, டிபன் கேரியர் அடுக்கு மாதிரி நிற்கும். அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு குண்டு வெடித்தால் காலித் தோட்டாவை அதுவே வெளியே துப்பிவிட்டு அடுத்ததை எடுத்து வைத்துக்கொள்ளும்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி, எந்த வருஷம் என்று கேட்கிறாள். வருஷம் யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு டெலிபோன் வந்து, மழை பெய்தால் அது ஊமையாகிவிடும் என்று நாங்கள் கண்டுபிடித்த சமயம். தொண்ணூறுகளின் நடுவில் என்று எழுதிக்கொள் என்றேன்.

எங்கள் தோட்டம் அன்னூருக்குப் பக்கம். தென்னையும் வாழையும். பக்கத்துத் தோட்டம் என் கொழுந்தனாருடையது, அதாவது வீட்டுக்காரரின் தம்பி. இரண்டுக்கும் நடுவில் ஒரு இட்டேறி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த வண்டித்தடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாமனார் போன பிறகு பாகம் பிரித்தபோது ரிவால்வார் மூத்தவருக்கு வந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் மாமனார் வாங்கிய பசு இளையவருக்குப் போனது. அந்தப் பசுவும் அதன் வாரிசுகளும் எப்போது கன்று போட்டாலும் முதல் சீம்பால் எங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். மாமனார் சொல்லிவிட்டுப் போனது அது. அந்தப் பசு பொல்லாத பசு, கறக்கப் போனால் என்னை மட்டும் உதைக்கும். பாகத்தில் அது எனக்கு வராமல் போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

பிஸ்டல் பிறகு வந்தது. பொள்ளாச்சிக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருத்தர் அதை விற்றுவிட்டுப் பட்டணம் போனார். கோயமுத்தூர் துப்பாக்கிக் கடை மூலமாக லைசன்ஸில் ஏற்றி என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். அதுவும் பழசுதான். ஆனால் ரிவால்வாருக்கு முன்னால் அது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் எது நம்பிக்கையானது என்று ஓயாத வாக்குவாதம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே நாயம்தான், வேறு பேச்சே கிடையாது.

"ஆறே குண்டுடா அதுல. ஏழாவதா ஒருத்தன் வந்தா என்ன பண்ணுவே? காப்பி குடுத்து உக்கார வெப்பியா?" என்பார் இவர்.

"பிஸ்டல் மொதக் குண்டுலயே நின்னுக்கிச்சுன்னா அவன் உங்குளுக்குக் காப்பி போட்டுக் குடுப்பானுங்கண்ணா" என்பார் அவர். "ரிவால்வார் மாடு கட்டி எறைக்கற கவலை ஏத்தமாட்ட. மெதுவா எறைக்கும், நிக்காது. பிஸ்டல் மோட்டாராட்ட. கொட்டு கொட்டுன்னு கொட்டும், பியூஸ் போனா போச்சு."

ஒரு ஆயுத பூஜை அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர் வற்றின பழைய கிணற்றுக்குள், படிமேல் கொட்டாங்கச்சிகளை அடுக்கி வைத்தார்கள். நான் எச்சில் இலையைக் கையில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன்.

கொழுந்தனார் ரிவால்வாரைப் பிடித்தார். மாமனார் காலத்துத் தோட்டா. இழுத்ததும் 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. இவர் சிரிக்க வாயைத் திறப்பதற்குள் அவர் மறுபடி இழுத்தார். சட்டி ஒரு குழி சுற்றியது. டமார்! கொட்டாங்கச்சி தூள். கிணற்றடி மயில்கள் கத்திக்கொண்டு பறந்தன.

"பாத்தீங்களாண்ணா? கெட்ட தோட்டாவா இருந்தாலும் என்ன? இன்னொருக்கா இழுத்தா அடுத்தது வந்துருது."

இவர் பிஸ்டலை எடுத்தார். டப் டப் டப் என்று மூன்று கொட்டாங்கச்சி ஒரு மூச்சில் போய்விட்டது. இவருடைய மீசை துடித்தது. நாலாவதில் சத்தமே இல்லை. பார்த்தால் காலித் தோட்டா பிஸ்டலின் வாயில் குறுக்கே மாட்டி நின்றது, பல்லில் கரும்புச் சக்கை மாட்டுகிற மாதிரி. அதை எடுப்பதற்குள் இவருடைய பெருவிரல் தோல் கிழிந்துவிட்டது. தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து நான்தான் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் கோயமுத்தூர் போனோம். போகிற வழியில் துப்பாக்கிக் கடையில் இறங்கி பிஸ்டலுக்கு ஸ்பிரிங் மாற்றினார். கடைக்காரர் வழுக்கைத் தலை, நல்ல மனுஷர், எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார்.

"ரெண்டுல எதுங்க நம்பிக்கை?" என்று நானே கேட்டுவிட்டேன். இந்தச் சண்டையை யாராவது முடித்து வைத்தால் போதும் என்றிருந்தது.

"ரெண்டுக்கும் ஒரு கொணம் இருக்குதுங்கம்மா. பிஸ்டல் சுத்தம் பாக்கும். தோட்டா, ஸ்பிரிங்கு, எண்ணெய் மூணும் செரியா இருக்கோணும். நின்னாலும் கையிலயே இழுத்து உட்டுச் செரி பண்ணிக்கலாம். ரிவால்வார் லேசுல நிக்காது. நின்னுதுன்னா பட்டறைக்குத்தான் போவோணும்." சொல்லிவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்து, "எண்ணெய் மட்டும் நம்ம கடையிலதே வாங்கோணும். அதும் ஒரு சொட்டுப் போதும்" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். ஒரு சீசா வாங்கவும் செய்தார். அடுத்த வருஷம் அது தீர்ந்ததும் வேறு வாங்கவில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் எண்ணெய்க்குக் கோயமுத்தூர் போவாரா? கதவுக் கீலுக்கு, தையல் மெஷினுக்கு, பித்தவெடிப்புக்கு, மாட்டுக் கொம்புக்கு, எல்லாவற்றுக்கும் செக்கில் ஆட்டின எங்கள் தேங்காயெண்ணெய்தான். அந்த ஐப்பசியில் வெயில் அடித்த ஒரு நாள் பிஸ்டலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "அம்மிணி, அந்த எண்ணெயச் சித்த எடு" என்றார். தலைக்குத் தேய்க்கிற சீசாவை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொட்டு இல்லை, குளிப்பாட்டியே விட்டார்.

தீபாவளி கழிந்து சில நாளில் அது நடந்தது. எங்களுக்கு இரண்டு தோட்டம் தள்ளி வயதான புருஷன் பெண்டாட்டி தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி. திருடர்கள் வந்து இரண்டு பேரையும் கட்டிப்போட்டு அடித்துவிட்டு நகையைக் கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மாவின் காதே கிழிந்துபோயிற்று. அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனார். அந்த அம்மா எனக்குக் கறிவேப்பிலைக் கன்று கொடுத்தவர். இன்றைக்கும் அந்தச் செடியில் கை வைத்தால் அந்தக் காதுதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் பிள்ளைகளும் வெளியூர்தான். துக்கம் விசாரித்துவிட்டு வந்த அன்றே வீட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். பொழுது சாயும் முன்னே கதவைச் சாத்தினார். சாப்பிடும்போதும் பிஸ்டல் மடியில். மட்டை விழுந்தால் எழுந்து நின்றுவிடுவார். ஒரு நாள் பியூஸ் போட வந்த கரண்ட்காரர் வேலி ஓரமாக எட்டிப் பார்க்க, இவர் பிஸ்டலை நீட்டிவிட்டார். அந்த ஆள் ஏணியைப் போட்டுவிட்டு ஓடியே போனார். இரண்டு நாள் இருட்டில் கிடந்தோம்.

அதற்கு நடுவே இவர் ரிவால்வாரைக் கொண்டுபோய் அந்தக் கடையில் விற்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஒண்ணு எங்கையில இருக்குது. இன்னொண்ணு பொட்டியில கெடந்தா, திருடன் பொட்டியத் தொறந்ததும் அவங்கையிலயும் ஒண்ணாயிரும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கொழுந்தனாருக்கு அந்த நியாயம் ஏறவில்லை. விஷயம் தெரிந்ததும் இட்டேறி வழியாக வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பன் சாமானுங்கண்ணா அது. விக்கறக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கோணுமா இல்லீங்களா?"

"எம்பட பாகத்துல வந்தது. நீ சந்தையில அப்பன் வாங்குன மாட்டை வித்தப்ப என்னைக் கேட்டுட்டா வித்தே?"

"மாடு கெழடாயிருச்சு, வித்தேன்."

"துப்பாக்கியும் கெழடுதான்."

"அதுதான் நிக்காம வெடிக்கும். நீங்க வெச்சிருக்கறது நிக்கும். நின்னதுக்கப்பறம் எங்கிட்ட வந்து சொல்லாதீங்க!"

"வரமாட்டேன் போடா. இனி உங்கிட்டப் பேசுனா என்ன ஏதுன்னு கேளு!"

அவ்வளவுதான். பேச்சு நின்றுபோனது. எங்கள் பக்கம் பேச்சு நின்றால் சும்மா நிற்காது. எதிரே பார்த்தால் தடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கூப்பிட்டாலும் காது கேட்காத மாதிரி போக வேண்டும். முதலில் பதில் சொன்னவன் தோற்றவன். நல்ல வேளை, பெண்களாகிய நாங்கள் கொழாயடியில் பொட்டாட்டம், சத்தம் காட்டாமல், பேசிக்கொள்வோம்.

எனக்குத் திருடன் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் இவர் நம்ம ஆள் ஒருத்தரைச் சுட்டுவிடுவார் என்பது. சாமத்தில் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் நான் வாளியைத் தட்டிக்கொண்டே போவேன். மாட்டுக் கட்டுத்தறியிலிருந்து திரும்பும்போது சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டே வருவேன், எருமையோடாவது. பால்காரர், தேங்காய் போடுகிறவர்கள், துணி வெளுக்கிறவர், களை வெட்டுகிற பெண்கள், ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்தேன்: "தூரத்துல இருந்தே ஒரு கொரல் குடுத்துப்போட்டு வாங்க. மறந்துறாதீங்க, கண்ணு." களை வெட்டுகிற பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "கவுண்டருங்கோ, நாங்க வாரமுங்கோ" என்று அந்த மூலையிலிருந்தே கூவிக்கொண்டு வருவார்கள். கூவட்டும், கூவினால்தான் எனக்கு மூச்சு வரும்.

அவிநாசிக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டும் வந்தேன். திருடன் வரக்கூடாது என்று வேண்டியதாக இவர் நினைத்துக்கொண்டார். நான் வேண்டியது வேறு.

மிச்சம் இருந்தது கொழுந்தனார் ஒருவர்தான். அவர் பெண்டாட்டியிடம் சொல்லியனுப்பினேன். மறுநாள் கொழாயடியில் பதில் வந்தது.

"'எங்கப்பன் தோட்டத்துக்கு நான் கத்திட்டுப் போவோணுமா? அதுக்குப் போவாமயே இருந்துக்கறேன்'ங்கறாருக்கா" என்றாள்.

போகாமலே இருந்தால் சரி என்று நினைத்தேன். சீம்பாலை மறந்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. அந்த வருஷம் பனி கொட்டினது. நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். இருட்டு விலகிவிட்டது, ஆனால் வெளிச்சம் முழுக்க வரவில்லை, தென்னை மரங்கள் பாதி தெரிந்தன. இவர் வாசல் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அது.

இட்டேறியில் ஒரு ஆள் வந்தது. தலையோடு கறுப்புக் கம்பளி. நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்திருந்தது.

"ஆரது?" என்றார் இவர்.

பதில் இல்லை. நடை நிற்கவில்லை.

"ஆருன்னு கேக்கறனல்ல? நில்லு!"

அந்த ஆள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. அப்படித் திருப்பினதில்தான் எனக்குத் தெரிந்தது. கோபித்துக்கொண்ட மனுஷனின் கழுத்து அது. அந்தக் குடும்பத்துக் கழுத்து, மாமனார் கழுத்து. பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டால் கூப்பிட்டாலும் திரும்பாத கழுத்து. கத்த வாயைத் திறந்தேன். கையெல்லாம் கோலமாவு.

'டிக்'.

கிணற்றடியில் கேட்ட அதே சத்தம்.

இவர் பிஸ்டலின் மேல் மூடியைப் பிடித்துப் பின்னால் இழுக்கப் பார்த்தார். அதை இழுத்துவிட்டால் கெட்ட தோட்டா வெளியே போய் அடுத்தது ஏறிவிடும். கடைக்காரர் சொல்லிக்கொடுத்ததுதான். அது அசைவேனா என்றது, வரவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு தரம் இழுத்தார். அதற்குள் நான் கத்திவிட்டேன்.

"ஏனுங்க, தம்பிங்க! நம்ம தம்பிங்க!"

கொழுந்தனார் நின்றார். அவருக்கும் அந்த 'டிக்' கேட்டிருந்தது. அந்தச் சத்தம் என்ன என்று இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மெல்ல வந்து, அணைத்துப் பிடித்திருந்த சொம்பைச் சிந்தாமல் என் கோலத்தின் நடுவில் வைத்தார். சீம்பால். அவர் வீட்டில் அந்தப் பசுவின் வாரிசு கன்று போட்டிருக்கிறது. பேச்சு இல்லை என்றாலும் மாமனார் வார்த்தையைத் தட்ட முடியாமல் கொண்டுவந்திருக்கிறார். வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகலாம் என்று.

"நிக்குமுன்னு நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களேண்ணா" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அண்ணனிடம் பேசின முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அப்படியே கோலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இவர் கட்டிலை விட்டு இறங்கினார். பிஸ்டலைத் தரையில் வைத்தார். தம்பியின் தலையிலிருந்து கம்பளியை விலக்கினார். நெற்றி, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. யார் முதலில் அழுதார்கள் என்று கேட்டால் மூன்று பேரும்தான் என்பேன்.

நன்றாக விடிந்ததும் கொழுந்தனார் பிஸ்டலைப் பிரித்தார். குண்டுகளையெல்லாம் முதலில் எடுத்து என் முறத்தில் போட்டார். உள்ளே, குண்டைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி ஓடுகிற துளை முழுக்க வெள்ளை வெளேரென்று கெட்டித் தயிர் மாதிரி அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"நங்கையா," என்றார். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இது உங்க தலைக்கு வெக்கற எண்ணெய் வாசமல்லங்க?"

மார்கழிப் பனியில் சீசாவில் உறைகிற எண்ணெய் பிஸ்டலுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? ஊசி ஓடிப்போய்க் குத்த வேண்டியது, சேற்றில் மாடு நடக்கிற மாதிரி நடந்து போய்த் தொட்டுவிட்டு நின்றிருக்கிறது. மேல் மூடியும் அந்தப் பிசினில்தான் இழுபட்டிருக்கிறது.

இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். இவர் தட்டிலிருந்ததில் பாதியை வெட்டித் தம்பி தட்டில் வைத்தார். எனக்கு வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. ரிவால்வார் வீட்டிலேயே இருந்திருந்தால்? மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடுமே. தம்பி சொன்னபடி அண்ணன் கேட்டிருந்தால்? அதைச் சொல்லாமல் சீம்பாலோடு விழுங்கிவிட்டேன். இரண்டு பேரும் அதே நினைப்பில்தான் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரமே பிஸ்டலும் கோயமுத்தூர் கடைக்குப் போனது. ரிவால்வார் விலை போகாமல் அங்கேயே இருந்ததாம். "ரெண்டையும் வித்துப்போடுங்க" என்றாராம் இவர். "பிஸ்டல் ஏனுங்க, வேலை செய்யறதில்லீங்களா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். "நல்லா வேலை செஞ்சுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். திருடர் பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. நாய் வாங்கினோம், கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தோம். இவருக்கு ரொம்ப நாள் கை நடுக்கம் இருந்தது. டம்ளரைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிடுவேன். நடுக்கம் தீர்ந்த பிறகுகூட அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை.

கொழுந்தனார் மாறவில்லை. கல்யாண வீட்டில் யாராவது துப்பாக்கி நாயம் எடுத்தால், "ரிவால்வார்தானுங்க நம்பிக்கை. சந்தேகமே வேண்டியதில்லை" என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணன், "ஆமா, அதுதான் நம்பிக்கை" என்று ஒத்துக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றே ஒன்று மாறியது. எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் கொழுந்தனார் இட்டேறியின் அந்தக் கோடியிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணா! நாந்தானுங்கோ! நான் வாரனுங்கோ!"

பட்டப்பகலில், நல்ல வெயிலில், மோட்டார் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கத்துவார். நாய் குரைக்கும், மயில் கத்தும். புதிதாக வந்த மருமகள்கள், சின்ன மாமனாருக்குக் காது மந்தமா என்று என்னைக் கேட்பார்கள். காது நன்றாகக் கேட்கும், கண்ணு, நீ அடுப்பில் காப்பித் தண்ணியை வை என்பேன். அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரும் வரைக்கும் கத்திக்கொண்டே வருவார். அண்ணனும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு தரம்கூட விடாமல், "வாடா, வா, வா" என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.